வெயில், வாட்டம், மண், அப்புறம்தான் செடி: வீட்டுக் கொல்லையைத் திருத்தி அமைக்கும் முறை

கொல்லைப்புறத்தில் தோட்டம் போடலாம் என்று முடிவானதும், பெரும்பாலான வீடுகளில் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே நர்சரிக்குக் கிளம்பிவிடுகிறார்கள். ஒரு மாங்கன்று, இரண்டு ரோஜா, பார்க்க அழகாக இருந்த ஒரு குரோட்டன்ஸ், கடைக்காரர் சொன்னதற்காக ஒரு மூட்டை மண்புழு உரம். வீடு வந்து சேர்ந்த பிறகுதான் எதை எங்கே வைப்பது என்ற பேச்சே தொடங்கும். காலியாகத் தெரியும் இடத்தில் ஒவ்வொன்றாக நட்டு முடித்தால், ஆறு மாதத்தில் ரோஜா மொட்டு விடாமல் நிற்கும். மாங்கன்று செப்டிக் டேங்க் மூடியை ஒட்டி வளர்ந்துகொண்டிருக்கும். ஐப்பசி மழையில் நடுக்கொல்லையில் குளம் கட்டும்.

தோட்ட வடிவமைப்பில் செடி கடைசியில் வருவது. வெயில் எந்த மாதம் எங்கே விழுகிறது, மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, மண்ணுக்கு அடியில் என்ன கிடக்கிறது, வீட்டில் உள்ளவர்கள் அந்த இடத்தில் தினமும் என்ன செய்கிறார்கள் என்று முதலில் பார்க்க வேண்டும். அதற்கேற்பத் தரையைத் திருத்துவதுதான் முக்கால்வாசி வேலை. அதைச் சரியாகச் செய்த கொல்லையில் சாதாரணச் செம்பருத்திகூடச் செழித்து நிற்கும். அதைச் செய்யாமல் விலை உயர்ந்த கன்று வாங்கி நட்டால் பணம்தான் போகும்.

பேச வசதியாக ஒரு மனையை எடுத்துக்கொள்வோம். நாற்பதுக்கு அறுபது, அதாவது 2,400 சதுர அடி, சென்னைக் கணக்கில் ஒரு கிரவுண்டு. ஆவடி, தாம்பரம் பக்கமெல்லாம் இந்த அளவு மனை ஏராளம். தெற்குப் பார்த்த மாடி வீடு. கைப்பிடிச் சுவரோடு சேர்த்து 24 அடி உயரம். வீட்டுக்குப் பின்னால், வடக்குப் பக்கம், பன்னிரண்டடி ஆழத்துக்கு நாற்பதடி அகலக் கொல்லை: 480 சதுர அடி, ஒரு சென்ட்டுக்குச் சற்றுக் கூடுதல். அதில் செப்டிக் டேங்க், துவைக்கிற கல், துணிக்கொடி, ஒரு பழைய முருங்கை. மீதி இடம் முழுக்க சிமெண்ட் தளம். உங்கள் வீடு வேறு திசை, வேறு அளவு என்றாலும் பார்க்கும் முறை இதேதான்.

வெயில் எங்கே விழுகிறது

வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்துத் திட்டம் போடுகிறவர்கள் முதலில் தடுமாறுவது இங்கேதான். லண்டனில் நண்பகல் சூரியன் வருடம் முழுக்கத் தெற்கிலேயே நிற்கும். அதனால் தெற்குக் கொல்லையில் வெயில், வடக்குக் கொல்லையில் நிழல் என்று அங்கே ஒரே வரியில் சொல்லிவிடலாம். நமக்கு அப்படி இல்லை. சென்னை 13 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் 25-ஐ ஒட்டி ஒருமுறை, ஆகஸ்ட் 18-ஐ ஒட்டி இன்னொருமுறை, நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள மாதங்களில் உச்சிவெயில் லேசாக வடக்கிலிருந்து சாய்ந்து விழும். மற்ற மாதங்களில் தெற்கிலிருந்து சாயும்.

இதைக் கணக்காகப் பார்த்தால் எளிதாகப் புரியும். டிசம்பர் கடைசியில் நண்பகலில் பத்தடிச் சுவர் ஒன்றின் நிழல் வடக்கே ஏழரை அடிக்கு விழும். அதே சுவரின் நிழல் ஜூன் கடைசியில் தெற்கே இரண்டடிகூட வராது.

நம் 24 அடி வீட்டின் மார்கழி நிழல் வடக்கே கிட்டத்தட்ட பதினெட்டு அடி. கொல்லை இருப்பதோ பன்னிரண்டடி. நிழல் கொல்லையைத் தாண்டி மதிலின் மேலும் ஏறி நிற்கும். ஐப்பசி நடுவிலிருந்து தை மாதக் கடைசி வரை அங்கே உச்சிவெயில் தரையில் படவே படாது. ஆனால் சித்திரையிலிருந்து ஆவணி வரை அதே கொல்லையில் காலையிலிருந்து மாலை வரை வெயில் கொளுத்தும், ஏனென்றால் அந்த மாதங்களில் சூரியன் வடகிழக்கில் உதித்து வடமேற்கில் மறைகிறது.

இதனால் என்ன ஆகிறது? வெண்டை, கத்தரி, மிளகாய் போன்ற காய்கறிகளுக்குத் தினம் ஆறு மணி நேர நேரடி வெயிலாவது வேண்டும். வடக்குக் கொல்லையில் ஆடிப்பட்டம் நன்றாக வரும், தைப்பட்டம் தடுமாறும். "ஆடியில போட்டேன், அள்ளிக் காய்ச்சுது. அதே விதைய தையில போட்டேன், நீட்டிக்கிட்டுப் போச்சே தவிர காயே இல்ல" என்று சொல்பவர்களின் கொல்லையைப் போய்ப் பாருங்கள், பாதி வீடுகளில் அது வீட்டு நிழலில் இருக்கும். விதை மேல் பழி போடுவதில் பயனில்லை. தைப்பட்டத்தை மாடிக்கு மாற்றிக்கொண்டால் போதும்.

வடக்குப் பார்த்த வீடு என்றால் கொல்லை தெற்கே அமையும். அங்கே மார்கழி, தை மாதங்களில் நல்ல வெயில் கிடைக்கும், ஜூனில் மட்டும் சுவரை ஒட்டி நான்கைந்து அடி நிழல். கிழக்குப் பார்த்த வீட்டின் கொல்லை மேற்கே இருப்பதால் பிற்பகல் வெயில் சுவரையும் சேர்த்துச் சுடவைக்கும். அங்கே முதல் வேலை மேற்கு மதிலோரம் ஒரு மரம் வைப்பதுதான். மேற்குப் பார்த்த வீட்டுக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள்: கொல்லைக்குக் காலை வெயில், மதியத்துக்கு மேல் நிழல். கீரை, மல்லிகை, கறிவேப்பிலை எல்லாமே அங்கே சுகமாக இருக்கும்.

பக்கத்து வீட்டு மாடியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அது இன்று ஒரு மாடியாக இருக்கலாம், அடுத்த வருடம் இரண்டாகலாம். ஒரு விடுமுறை நாளில் காலை எட்டு, பகல் பன்னிரண்டு, மாலை நான்கு என்று மூன்று வேளை மாடியில் நின்று கொல்லையை மொபைலில் படம் எடுங்கள். ஒரு கட்டம் ஓர் அடி என்று கட்டத்தாளில் கொல்லையை வரைந்து, நிழல் எல்லைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். மீதி மாதங்களுக்கு மேலே சொன்ன கணக்கு உதவும்.

வாட்டம்

தரையின் சரிவை மேஸ்திரிகள் வாட்டம் என்பார்கள். கொல்லையைத் திருத்தும்போது பணத்தையும் கவனத்தையும் கஞ்சத்தனம் இல்லாமல் செலவிட வேண்டிய இடம் இதுதான், ஏனென்றால் செடி வைத்த பிறகு வாட்டத்தை மாற்ற முடியாது.

முதலில் இருக்கிற வாட்டத்தை அளக்க வேண்டும். கட்டட வேலைக்காரர்கள் வைத்திருக்கும் டியூப் லெவல் போதும். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய், ஐம்பதடி நீளம் இருந்தால் கொல்லையின் மூலைக்கு மூலை எட்டும். உள்ளே காற்றுக்குமிழ் இல்லாமல் தண்ணீர் நிரப்புங்கள். ஒரு முனையைப் பின்வாசல் படிக்குப் பக்கத்தில் சுவரோடு ஒருவர் பிடிக்க, மறுமுனையை மதிலோடு இன்னொருவர் பிடிக்க வேண்டும். தண்ணீர் ஆடி அடங்கியதும் இரண்டு முனையிலும் நீர்மட்டம் ஒரே உயரத்தில் நிற்கும். இரண்டு இடத்திலும் பென்சிலால் கோடு போட்டு, கோட்டிலிருந்து தரை வரை டேப்பால் அளந்து பாருங்கள். வாசல் பக்கம் 36 அங்குலம், மதில் பக்கம் 38 அங்குலம் என்று வந்தால், தரை மதிலை நோக்கி இரண்டங்குலம் இறங்குகிறது. நல்ல வாட்டம். மதில் பக்கம் 35 என்று வந்தால் தண்ணீர் வீட்டை நோக்கி வருகிறது என்று அர்த்தம். அஸ்திவாரத்தில் ஈரம் ஏறுவதும் சுவரின் அடிப்பகுதியில் உப்புப் பூப்பதும் பெரும்பாலும் இங்கிருந்துதான் தொடங்குகின்றன.

தளம் போட்ட இடத்தில் பத்தடிக்கு ஒன்றரை முதல் இரண்டு அங்குலம் இறக்கம் போதும். எப்போதும் வீட்டுச் சுவரிலிருந்து விலகித்தான் இறங்க வேண்டும். சுவரை ஒட்டி இரண்டடி அகலத்துக்குச் செடி, பாத்தி எதுவும் வேண்டாம். மண்ணை சுவர்மேல் குவித்தால் ஈரத்தோடு கரையானும் ஏறும்.

அடுத்த கேள்வி, அந்தத் தண்ணீர் எங்கே போய்ச் சேர வேண்டும் என்பது. தளம் போட வரும் மேஸ்திரியிடம் "வாட்டம் எந்தப் பக்கம் விடுறீங்க?" என்று கேட்டால், "ரோட்டுப் பக்கம் விட்டுடலாம் சார், தண்ணி நிக்காது" என்றுதான் பதில் வரும். பல காலமாக எல்லோரும் அப்படியே கேட்டுப் பழக்கியிருக்கிறோம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. "வேண்டாம் மேஸ்திரி, கொல்லைக்குள்ளயே ஒரு பள்ளத்துக்கு விடுங்க" என்று வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

ஏன் என்றால் அளவைப் பாருங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். ஆயிரம் சதுர அடி மாடி என்பது 93 சதுர மீட்டர். செய்தியில் ஐந்து சென்டிமீட்டர் மழை என்று சொல்லும் ஒரு நாளில் அந்த மாடியில் மட்டும் 4,650 லிட்டர் விழுகிறது. சென்னையின் ஆண்டு மழை சராசரியாக 1,400 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். அதில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழைக்காலத்தில் கொட்டிவிடும். அவ்வளவையும் தெருவுக்கு விட்டுவிட்டு, பங்குனியில் லாரித் தண்ணீர் வாங்கித் தோட்டத்துக்கு ஊற்றுவது எனக்குப் பொறுக்கவே இல்லை. தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பு 2003-இலேயே கட்டாயமாகிவிட்டது. பல வீடுகளில் அன்று வைத்த குழாயும் குழியும் தூர்ந்துபோய், அதன் மேலேயே தளமும் போட்டாயிற்று. கொல்லையைத் திருத்தும் நேரம் அதைத் தோண்டிச் சுத்தம் செய்யவும் நல்ல நேரம்.

புதிதாகச் செய்வதானால் இரண்டு வழி. மணல் கலந்த மண்ணாக இருந்தால் மூன்றடி விட்டத்தில் ஐந்தடி ஆழத்துக்கு சிமெண்ட் உறை இறக்கிய குழி. அது ஏறக்குறைய ஆயிரம் லிட்டர் பிடிக்கும், பிடித்ததைக் கீழே விட்டுக்கொண்டே இருக்கும். அஸ்திவாரத்திலிருந்து குறைந்தது ஐந்தடியாவது தள்ளி, செப்டிக் டேங்கிலிருந்து முடிந்த அளவு தூரமாக, மேலே மூடி போட்டு அமையுங்கள்.

இன்னொரு வழி எனக்கு மிகவும் பிடித்தது. கொல்லையின் தாழ்ந்த மூலையில் பத்தடிக்கு நாலடி, அரையடி ஆழத்துக்கு ஒரு பள்ளமான பாத்தி எடுப்பது. மழையில் அது 550 லிட்டருக்கு மேல் வாங்கிக்கொள்ளும். கல்வாழை, சேம்பு, வெட்டிவேர், ஓரத்தில் வல்லாரை என்று ஈரத்தைத் தாங்கும் செடிகளாக வைத்தால் மழை இல்லாத நாளிலும் பார்க்க அழகாக இருக்கும். ஒரே ஒரு நிபந்தனை: தேங்கிய தண்ணீர் இரண்டு மூன்று நாளில் இறங்கிவிட வேண்டும். கொசு முட்டையிலிருந்து முழுக் கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் ஆகும். அதற்குள் தரை காய்ந்துவிட்டால் கவலை இல்லை. பள்ளம் நிரம்பி வழிந்தால் தண்ணீர் வெளியேற ஒரு வழியும் வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த சென்னையில் இதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

மண்ணுக்கு அடியில்

வீடு கட்டி முடித்த மனையின் கொல்லை பெரும்பாலும் கட்டட வேலையின் குப்பைக்குழியாக இருந்திருக்கும். உடைந்த செங்கல், கெட்டியான சிமெண்ட் மூட்டை, ஜல்லி, டைல்ஸ் துண்டு, கம்பிக் கட்டை எல்லாவற்றையும் தள்ளி, மேலே ஒரு லோடு சவுடு மண் கொட்டி நிரவியிருப்பார்கள். அந்த மண்ணில் சத்து கிடையாது. சிமெண்டும் சுண்ணாம்பும் கலந்திருப்பதால் காரத்தன்மை ஏறி, செடியின் இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக, மற்ற இடம் மஞ்சளாக மாறும். எவ்வளவு உரம் போட்டாலும் சரியாகாமல் நிற்கும் செடிக்கு இதுதான் பல நேரம் காரணம்.

எனவே இரண்டு மூன்று இடத்தில் இரண்டடி ஆழத்துக்குத் தோண்டிப் பார்த்துவிடுங்கள். கடப்பாரை "ணங்" என்று மோதினால் எங்கே என்ன கிடக்கிறது என்று தெரிந்துவிடும். பாத்தி வரப்போகும் இடங்களில் மட்டும் அந்தக் குப்பையை எடுத்தால் போதும், கொல்லை முழுக்கத் தோண்ட வேண்டியதில்லை. எடுத்த செங்கல் துண்டுகளை மழைநீர்க் குழிக்கு அடியில் போடலாம்.

மண் எப்படிப்பட்டது என்று அறிய ஒரு கண்ணாடி ஜாடி போதும். மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், நன்றாகக் குலுக்கி அசையாமல் வையுங்கள். ஓரிரு நிமிடத்தில் மணல் அடியில் படியும், சில மணி நேரத்தில் வண்டல், ஒரு நாள் கழித்து அதற்கும் மேலே களி. எந்த அடுக்கு தடிமனோ அதுதான் உங்கள் மண்ணின் குணம். திருவான்மியூர், பெசன்ட் நகர் போன்ற கடலோரத்தில் பெரும்பாலும் மணல்தான் இருக்கும், ஊற்றிய தண்ணீர் நிற்காது. கோவில்பட்டி பக்கம் கரிசல், கோடையில் வெடிக்கும், மழையில் ஒட்டும். இரண்டு நேர்மாறான நோய்க்கும் மருந்து ஒன்றே என்பது தோட்ட வேலையில் எனக்கு எப்போதும் வியப்பான விஷயம்: நன்றாக மக்கிய தொழு உரமோ இலைமட்கோ. மணலில் அது ஈரத்தைப் பிடித்து வைக்கும், களியில் காற்றுக்கும் நீருக்கும் வழிவிடும். பாத்தியின் மேல் ஓர் அடி மண்ணில் மூன்றில் ஒரு பங்காவது இதைக் கலந்துவிடுங்கள்.

வடிகாலுக்கு ஒரு சோதனை உண்டு. ஓர் அடிக்குழி தோண்டித் தண்ணீர் ஊற்றி இறங்கவிட்டு, மறுபடி நிரப்புங்கள். மணிக்கு ஓர் அங்குலமாவது இறங்கினால் பெரும்பாலான செடிகளுக்குப் போதும். மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றால், அங்கே எலுமிச்சையோ மாதுளையோ வைக்காதீர்கள், வேர் அழுகிவிடும். மேட்டுப்பாத்தி கட்டி வைக்கலாம், அல்லது அந்த இடத்தை வாழைக்கும் சேம்புக்கும் கொடுத்துவிடலாம்.

நடக்கிற வழி, காயப்போடுகிற கொடி

படங்களில் வரும் தோட்டங்களில் துணிக்கொடி இருக்காது, குப்பைக்கூடை இருக்காது, செப்டிக் டேங்க் மூடியும் இருக்காது. நம் கொல்லையில் இவை எல்லாம் உண்டு. அதனால் வரைந்த தாளில் முதலில் இவற்றைக் குறியுங்கள். செப்டிக் டேங்க், சேம்பர் மூடிகளைத் திறக்க வழி விட வேண்டும். அவற்றின் மேல் தொட்டிச்செடி வைக்கலாம், நகர்த்திக்கொள்ள முடியும். துணிக்கொடிக்கு நல்ல வெயிலும் காற்றும் உள்ள இடம். அதற்கு மேலே மரக்கிளை வந்தால் பறவை எச்சம் விழும். ஏசி வெளிப்பெட்டியின் சூடான காற்று படும் இடத்தில் செடி கருகும். ஆனால் அதிலிருந்து சொட்டும் தண்ணீரை ஒரு வாளியில் பிடித்தால் தொட்டிகளுக்கு நன்றாகவே பயன்படும்.

பிறகு நடைபாதை. ஒருவர் வாளியோடு நடக்க இரண்டரை அடி வேண்டும். பின்வாசலிலிருந்து துவைக்கிற கல்லுக்கும் கொடிக்கும் வீட்டில் உள்ளவர்கள் இப்போது எந்த வழியாக நடக்கிறார்களோ அதே வழியில் பாதையைப் போடுங்கள். அழகுக்காக வளைத்துப் போட்டால் ஒரு மாதத்தில் பாத்தியை மிதித்துக் குறுக்குவழி உண்டாகிவிடும். ராத்திரியில் மழை பெய்யும்போது துணி எடுக்க ஓடும் அம்மாவுக்கு வழுக்கக்கூடாது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பாலிஷ் செய்த கடப்பா கல், வழவழப்பான டைல்ஸ் இரண்டும் இந்த இடத்துக்கு வேண்டாம்.

சிமெண்ட்டை என்ன செய்வது

பழைய கொல்லையைத் திருத்தும்போது வரும் பெரிய முடிவு இதுதான். முழுத் தளம் போட்ட கொல்லையில் மழை மண்ணுக்குள் இறங்காது. பகலில் குடித்த வெயிலைத் தளம் இரவில் வீட்டுப் பக்கம் திருப்பி விடும். நடுவில் மாட்டிக்கொண்ட மரத்துக்கு வேர் விடவும் இடமிருக்காது. 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயலில் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தபோது, நடைபாதைக் கல்லையும் பெயர்த்துக்கொண்டு விழுந்த பல மரங்களின் வேர்த்தட்டு எவ்வளவு சிறியதாக இருந்தது என்று நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

"சிமெண்ட் போட்டாத்தான் சுத்தமா இருக்கும், பாம்பு வராது" என்று பெரியவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கூட்டிப் பெருக்க, காலில் சேறு ஒட்டாமல் நடக்க, வடகம் காயவைக்க ஒரு தளம் வேண்டும். ஆகவே எல்லாவற்றையும் உடைக்க வேண்டாம். நம் 480 சதுர அடியில் வீட்டுச் சுவரை ஒட்டிய நான்கடி அகலத் தளம் அப்படியே இருக்கட்டும், வாட்டத்தை மட்டும் சரிபார்த்துக்கொள்ளலாம். மதிலோரம் நான்கடி அகலத்துக்குத் தளத்தை வெட்டி எடுத்துவிடலாம், அது முழுக்கப் பாத்தி. நடுவில் மிஞ்சும் நான்கடியில் தளத்தை உடைத்து, மணல் மேல் செங்கல்லோ கற்பலகையோ சிமெண்ட் பூசாமல் பதித்தால் இடுக்குகளில் மழை இறங்கும், நடக்கவும் வசதி. நாளைக்கு அடியில் குழாய் பழுதானாலும் கல்லைத் தூக்கிப் பார்த்துத் திரும்ப வைத்துவிடலாம்.

முருங்கையைச் சுற்றி மட்டும் தாராளமாக இடம் விடுங்கள். மரத்தின் தூரை ஒட்டிப் புதுமண் குவிப்பதும் வேண்டாம். பட்டை அழுகி, பூச்சி ஏறி, மரம் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும்.

இப்போது செடி

இவ்வளவும் முடிந்தால் எந்தச் செடி என்பது பாதி தானாகவே தெரிந்துவிடும். பெரியதிலிருந்து சிறியதற்குப் போக வேண்டும்: முதலில் மரம், அப்புறம் புதர், கொடி, கடைசியில் தரையை மூடும் செடி.

மரத்தில் ஆசையை அடக்கத்தான் வேண்டும். வளர்ந்த தென்னையின் மட்டை ஒன்றே பதினைந்தடி நீளும், பன்னிரண்டடிக் கொல்லையில் அது பாதி அடுத்த வீட்டில்தான் இருக்கும். மாமரத்துக்குத் தோப்புகளில் இருபதடிக்கு மேல் இடைவெளி விடுகிறார்கள். ஆலமும் அரசும் தானாக முளைத்தால்கூடச் சின்னதிலேயே பிடுங்கிவிடுங்கள், மதில், கழிவுநீர்க் குழாய் எதையும் விட்டுவைக்காது. கொய்யா, சீத்தா, எலுமிச்சை, கறிவேப்பிலை, பவளமல்லி இவை சிறிய கொல்லைக்கு ஏற்றவை, கவாத்து செய்தால், அதாவது கிளைகளை அவ்வப்போது வெட்டிவிட்டால், அடங்கி நிற்கும். நம் மனையில் மேற்கு ஓரத்தில் ஒரு கொய்யா. சித்திரை, வைகாசி மாலை வெயிலை அது தடுக்கும். செப்டிக் டேங்கிலிருந்து பத்தடியாவது தள்ளி வையுங்கள். இருக்கிற முருங்கை இருக்கட்டும். அதன் கிளை காற்றில் சுலபமாக முறியும் என்பதால், காய்ப்பு முடிந்ததும் வெட்டிவிட்டுத் தாழ்வாகவே வளருங்கள்.

மதிலோரப் பாத்திதான் வீட்டிலிருந்து தள்ளி இருப்பதால் அதிக வெயில் பெறும் இடம். செம்பருத்தி, நந்தியாவட்டை, இட்லிப்பூ, இடையில் மல்லிகை. அரளி அழகுதான், வறட்சியும் தாங்கும், ஆனால் இலையிலிருந்து வேர் வரை விஷம். சின்னக் குழந்தைகளோ ஆடுமாடோ இருக்கும் வீட்டில் தவிர்த்துவிடுங்கள். சமையலறைக் கழிவுநீர்க் குழாய் முடியும் இடத்தில் வாழையும் கல்வாழையும். நம் பாட்டிமார் வைத்த இடமே அதுதான், இன்றும் அதைவிடச் சிறந்த இடம் இல்லை. அந்தச் சோப்புத்தண்ணீரைக் கீரைக்கு மட்டும் விட வேண்டாம். கீரைப்பாத்தி பின்வாசலிலிருந்து பத்து எட்டுக்குள் இருக்கட்டும். தூரத்தில் இருந்தால் அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது யாரும் போய்க் கொத்தமல்லி கிள்ளிக்கொண்டு வர மாட்டார்கள்.

புல்தரை வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். வெயில் நாளில் ஒரு சதுர மீட்டருக்கு ஐந்து லிட்டர் கணக்கில், 200 சதுர அடிப் புல்லுக்கு தினம் 90 லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டும். அதுவும் வீட்டு நிழல் மூன்று மாதம் விழும் வடக்குக் கொல்லையில் கொரியன் புல் மெலிந்து திட்டுத்திட்டாகப் போகும். அதற்குப் பதில் பொடுதலையை முயன்று பாருங்கள். குளத்தங்கரையிலும் வயல் வரப்பிலும் படர்ந்து கிடக்கும் அதே பொடுதலைதான், பொடுகுக்கு எண்ணெய் காய்ச்சுகிறோமே. ஒரு சாண் இடைவெளியில் துண்டுகளை ஊன்றினால் கணுவுக்குக் கணு வேர்விட்டுப் பரவும். வெட்ட வேண்டியதில்லை, மிதித்தாலும் தாங்கும், சின்னச் சின்ன வெள்ளைப் பூவுக்குத் தேனீ வரும். வெறுங்காலோடு ஓடும் குழந்தைகள் இருந்தால் பூக்கும் நாட்களில் மட்டும் கவனம் வேண்டும்.

நர்சரியில் உயரமான கன்றைத் தேடாதீர்கள். இரண்டடி, மூன்றடி உயரக் கன்று, பைக்கு வெளியே வேர் சுருண்டு வராதது, தண்டு நேரானது, அது போதும். சிறிய பையில் பல மாதம் கிடந்த ஆறடிக் கன்றைவிட இது சீக்கிரம் நிமிர்ந்துவிடும். குழியை இரண்டடிக்கு இரண்டடி எடுத்து, பத்துப் பதினைந்து நாள் வெயில் காயவிட்டு, மேல்மண்ணோடு தொழு உரமும் ஒரு கை வேப்பம் புண்ணாக்கும் கலந்து மூடுங்கள். பிளாஸ்டிக் பையை முழுதாகக் கிழித்து எடுத்துவிட்டுத்தான் நட வேண்டும். பையோடு நட்டால் வேர் அதற்குள்ளேயே சுற்றிச்சுற்றி, சில வருடம் கழித்து மரம் காரணமே தெரியாமல் வாடும்.

எந்த வேலை முதலில், எது பிறகு

இடிப்பதும் குப்பை அள்ளுவதும் கோடையில். தை, மாசியில் திட்டம் வரைந்துவிட்டால் பங்குனி, சித்திரையில் தளம் வெட்டி, மழைநீர்க் குழி எடுத்து, வாட்டம் சரிசெய்துவிடலாம். அதே சமயத்தில் குழாய் வேலை. பாதைக்கு அடியில் இரண்டங்குலப் பிவிசி குழாய் ஒன்றைக் காலியாகவே குறுக்காகப் பதித்து வைத்துவிடுங்கள். பிற்பாடு சொட்டுநீர்க் குழாயோ விளக்குக்கு ஒயரோ எடுத்துப்போகக் கல்லைப் பெயர்க்க வேண்டியிருக்காது. வைகாசியில் பாதையும், மண் கலந்து பாத்தியும். ஆடியில் காய்கறி விதை, ஆடி ஆவணியில் மரக்கன்று. ஐப்பசி மழை வருவதற்குள் வேர் பிடித்துவிடும்.

பணம் ஒரே தடவையில் புரளாவிட்டால் செடியைத் தள்ளிப்போடலாம், வாட்டத்தையும் மழைநீர்க் குழியையும் தள்ளிப்போடக் கூடாது. மரக்கன்று மட்டும் விதிவிலக்கு, அதன் இடம் உறுதியாகிவிட்டால் முதல் ஆடியிலேயே நட்டுவிடுங்கள், ஒரு வருட வளர்ச்சி லாபம்.

நட்ட பிறகு முதல் கோடைதான் சோதனைக்காலம். தினமும் மேலோட்டமாகத் தெளிப்பதைவிட, மரத்தைச் சுற்றி வட்டப்பாத்தி கட்டி வாரம் இருமுறை நிறைய ஊற்றினால் வேர் ஆழமாக இறங்கும். மணல் மண்ணாக இருந்தால் மூன்று தடவையாக்கிக்கொள்ளுங்கள். பாத்தி முழுக்கக் காய்ந்த இலைதழையை இரண்டு மூன்று அங்குலத்துக்கு மூடாக்காகப் போடுங்கள், தண்டை ஒட்டி மட்டும் நான்கு விரல் இடம் விட்டு. கொல்லையில் கூட்டும் சருகை எரிக்காமல் அங்கேயே போட்டால் வேறெங்கும் தேட வேண்டியதில்லை. மழைநீர்க் குழியின் மேல்வாயையும் மாடிக் குழாயின் வலையையும் புரட்டாசிக் கடைசிக்குள் ஒருமுறை சுத்தம் செய்துவிடுங்கள். முதல் பெருமழை வரும் நாளில் பின்வாசலில் நின்று தண்ணீர் எங்கெங்கே தேங்குகிறது என்று பார்த்துக் குறித்துக்கொண்டால், தரை காய்ந்த பிறகு அந்த இடத்தில் கல்லைத் தூக்கி, இரண்டு சட்டி மணல் போட்டு மட்டம் திருத்திவிடலாம்.